சலக்கடுப்பும் ஒரு சின்னப் போத்தலும்

யாழ்ப்பாணத்தில் வைகாசி வெயில் ஏறத் தொடங்கினால், நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் முன்மேசையில் சலப் போத்தல்களும் கூடத் தொடங்கும். அப்படியொரு காலையில், வலிகாமத்தின் தோட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த, ஐம்பது வயதை நெருங்கும் அம்மா ஒருவர், கடதாசியில் சுற்றிய ஜாம் போத்தல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். விடிய ஐந்து மணிக்குப் பிடித்த சலம் என்றார். அப்போது மணி பத்தரை. “சூடு எண்டு நினைச்சு ரெண்டு நாள் செவ்விளநீர் குடிச்சனான் பிள்ளை. பிறகு பாமசியில கேட்டு ரெண்டு நாள் குளிசையும் போட்டனான். கடுப்பு விடுகுதில்லை” என்று குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்ற ஆணுக்குக் கேட்காதபடி சொன்னார்.

அந்தப் போத்தலைக் கொண்டு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஏன் குறைவு என்று அவருக்கு நின்ற நிலையில் சொன்னதை ஆறுதலாகவும் முழுமையாகவும் எழுதவேண்டும் என்று அன்றே தோன்றியது. சலக்கடுப்பு நம்முடைய வீடுகளில் தடிமனைப் போல வந்துபோகும் வருத்தமாக இருந்தும், தடிமனைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சூடா, தொற்றா?

சிறுநீரகங்கள் இரண்டும் குருதியை வடித்துச் சலத்தை உண்டாக்குகின்றன. அது சிறுநீர்க்கான்கள் என்னும் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியாக இறங்கி, அடிவயிற்றிலுள்ள சலப்பையில் சேர்ந்து, அங்கிருந்து சிறுநீர்வழி ஊடாக வெளியேறுகிறது. இந்தப் பாதையில் எங்காவது கிருமிகள் குடியேறிப் பெருகி, அந்த இடத்தை அழற்சியடையச் செய்வதைத்தான் சலத்தொற்று என்கிறோம். கிருமிகள் சலப்பையோடு நின்றுவிட்டால் அது கடுப்பும் எரிவுமாக முடியும். சிறுநீர்க்கான் வழியே ஏறிச் சிறுநீரகத்தை அடைந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கிருமிகள் வெளியிலிருந்து படையெடுத்து வருபவை அல்ல. பத்தில் ஏறத்தாழ எட்டுத் தொற்றுகளுக்குக் காரணமான ஈ.கோலை என்னும் பக்ரீரியா நம் ஒவ்வொருவருடைய பெருங்குடலிலும் வாழ்கிறது. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885 இல் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது இதனை முதலில் விவரித்தார். அதன் பெயரிலுள்ள ‘ஈ’ அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். குடலில் இருக்கும்வரை பெரும்பாலான ஈ.கோலைகளால் நமக்குத் தீங்கில்லை. மலவாசலைச் சுற்றியுள்ள தோலிலிருந்து சிறுநீர்வழியின் வாசலுக்கு நகர்ந்து, அதற்குள் ஏறிச் சலப்பையை அடையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதன் உடலில் நுண்மயிர்கள் போன்ற இழைகள் உள்ளன. அவற்றின் நுனி சலப்பைச் சுவரின் கலங்களைக் கொளுவிப் பிடித்துக்கொள்ளும். சலத்தின் ஓட்டம் அதனை இலகுவில் அடித்துச் செல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் சூடு என்பது வெறும் கற்பனையா? முழுக்க அப்படிச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. வெயிலில் நின்று வியர்த்து, தண்ணீரும் போதாமல் இருந்தால் சலம் குறைந்து, செறிந்து, கடும் மஞ்சளாகி, போகும்போது சற்று எரியத்தான் செய்யும். நம்முடைய முன்னோர் கண்டது இதைத்தான். இளநீரும் மோரும் பார்லித் தண்ணீரும் கொடுத்ததில் தவறில்லை. அந்த வகை எரிவு, தண்ணீர் தாராளமாக உள்ளே போனதும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அடங்காமல், பத்து நிமிடத்துக்கொரு தடவை மலசலகூடத்துக்கு ஓடவைத்து, ஓடிப் போனால் சொட்டுச் சொட்டாகப் போய், முடிந்த பின்னும் முடியாததுபோல அடிவயிற்றில் ஒரு பாரத்தை வைத்திருந்தால், அதைச் சூடு என்று அழைத்துக்கொண்டு காத்திருப்பதில் பொருளில்லை. சலம் கலங்கியிருப்பதும், இயல்புக்கு மாறாக நாறுவதும், சில வேளைகளில் இளஞ்சிவப்பாகக் குருதி கலந்து வருவதும் தொற்றோடு சேர்ந்து வரக்கூடியவை. ஆனால் நாற்றத்தை மட்டும் வைத்துத் தொற்றென்று முடிவுசெய்ய முடியாது.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தங்கியிருப்பதால் கடினமானது; கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சுண்ணாம்பு சலத்தொற்றை உண்டாக்குவதில்லை. தொற்றின் கிருமி குடித்த தண்ணீரோடு வந்து சலப்பையில் இறங்குவதும் இல்லை. கொதித்தாறிய நீர் குடிப்பது வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் எதிரான நல்ல காவல்; சலக்கடுப்புக்கு வேண்டியது எவ்வளவு குடிக்கிறோம் என்ற கணக்கு. உவர்ப்பான தண்ணீர் உள்ள ஊர்களில், வாய்க்குப் பிடிக்கவில்லை என்று குறைவாகக் குடிப்பவர்களைத்தான் இந்தக் கணக்கு பிடித்துக்கொள்கிறது.

பெண்களுக்கு ஏன் கூடுதலாக வருகிறது

இதற்கு உடலமைப்பே முதற்காரணம். வளர்ந்த ஆணின் சிறுநீர்வழி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளமானது. பெண்ணுடையது வெறும் 4 சென்ரிமீற்றர் மட்டுமே. அதன் வாசலும் மலவாசலுக்குக் கிட்டவே இருக்கிறது. எனவே பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதனை அனுபவிக்கிறார்கள். ஒழுங்காகக் குளித்துத் துப்புரவாக இருக்கும் பெண்ணுக்கும் இது வரும். ‘ஊத்தை’யால் வரும் வருத்தம் என்ற எண்ணம் நம்மிடம் இருப்பதால்தான் மேசைக்கு முன்னால் வந்து குரலைத் தாழ்த்துகிறார்கள்.

இதைவிடக் கொடிய இன்னொரு எண்ணமும் உண்டு. புதிதாக மணமுடித்த பெண்களுக்குச் சலக்கடுப்பு வருவது பொதுவானது. தாம்பத்திய உறவின்போது வாசலிலிருக்கும் கிருமிகள் உள்ளே தள்ளப்படுவதே காரணம். கணவனிடமிருந்து தொற்றிய பால்வினை நோய் இது அன்று. மனைவியின் நடத்தையிலோ கணவனின் நடத்தையிலோ குறை காண இதில் ஒன்றுமில்லை. ஆய்வுகூட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை மூண்ட கதைகளை நான் கேட்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பால்வினைத் தொற்றுகளும் எரிவைத் தரக்கூடியவைதான். ஆனால் அவற்றோடு வெள்ளைபடுதல், சீழ் வடிதல், புண் போன்றவை பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அவற்றுக்குப் பரிசோதனையும் மருந்தும் வேறு.

அடக்கி வைத்தல் இரண்டாவது காரணம். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு கிருமி ஆறு மணித்தியாலத்தில் 262,144 ஆகிவிடும். சலப்பைக்குள் அது எப்போதும் அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. என்றாலும் சலம் வெளியேறும் ஒவ்வொரு தடவையும் கிருமிகளில் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போவது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கணக்கு விளக்கும். இதை நம்முடைய ஊர் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போகும் பெண்கள், சுற்றிவர மறைவிடம் இல்லாததால் விடிய வீட்டில் போய்விட்டு வந்தால் மத்தியானம்வரை அடக்குகிறார்கள். அடக்க வேண்டிவரும் என்பதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. பாடசாலை மலசலகூடத்துக்குள் போக அருவருத்து, காலையிலிருந்து பின்னேரம்வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து புத்தகப்பையை எறிந்துவிட்டு ஓடும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். கொழும்புக்குப் போகும் இரவுப் பேருந்தில் ஏறும் பெண்கள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணத்தை எண்ணிப் பின்னேரத்திலிருந்தே வாயை நனைக்காமல் இருப்பதை யார்தான் அறியார்? சலத்தொற்று ஒரு தனியாளின் பழக்கம் சார்ந்தது என்று எழுதுவது இலகு. பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் வரக்கூடிய ஒரு மலசலகூடம் இல்லாமையும் அதற்குச் சம காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கர்ப்பகாலத்தில் ஓமோன் மாற்றத்தால் சிறுநீர்க்கான்கள் தளர்ந்து அகலிப்பதும், வளரும் கருப்பை அழுத்துவதும் சலத்தின் ஓட்டத்தை மந்தமாக்குகின்றன. அப்போது எந்த அறிகுறியும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம். வேறு யாருக்கேனும் அப்படி இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவோம். கர்ப்பிணிக்கு மட்டும் கட்டாயம் மருந்து கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் அவர்களில் கணிசமானோருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறுவதும், குறைமாதப் பிரசவத்துக்கு வழிவகுப்பதும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் சலம் கொண்டுவரச் சொல்லும்போது ‘எனக்கொன்றுமில்லையே’ என்று தட்டிக்கழிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ரோஜன் என்னும் பெண் ஓமோன் குறைவதால், பெண்ணுறுப்பில் வாழ்ந்து அந்த இடத்தை அமிலத்தன்மையோடு வைத்திருந்த நல்ல பக்ரீரியாக்கள் அருகிப்போகின்றன. அவை விட்ட இடத்தைக் குடற்கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. அன்று ஜாம் போத்தலோடு வந்த அம்மாவுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. நாட்பட்ட நீரிழிவில் சலப்பையின் நரம்புகள் பாதிக்கப்பட்டால் சலம் முழுதாக வெளியேறாமல் தேங்கியும் நிற்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கல்லே கிருமிகளின் ஒளிப்பிடமாகிவிடுகிறது. ஆண்களைப் பொறுத்தவரை, ஐம்பது அறுபது வயதுக்கு மேல் புரோஸ்ரேற் சுரப்பி பெருத்துச் சலத்தை மறிப்பதுதான் முக்கிய காரணம். ஒரு ஆணுக்குச் சலத்தொற்று வந்தால் அது ஏன் வந்தது என்று தேடாமல் விடக்கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல், உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்நடுக்கம், முதுகின் ஒரு பக்கத்தில் விலாவுக்குக் கீழே வலி, சத்தி ஆகியவை சலக்கடுப்போடு வந்தால் தொற்று சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கிருந்து கிருமிகள் குருதிக்குள் இறங்கினால் உயிராபத்து. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், நீரிழிவுக்காரர், சிறுநீரக நோயுள்ளவர், சலக்குழாய் போட்டிருப்பவர் ஆகியோர் சாதாரணக் கடுப்புக்கே வைத்தியரிடம் காட்டவேண்டியவர்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை ‘எரிகிறது’ என்று சொல்லாது. காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், சத்தி, சினுங்கல் இவ்வளவுதான் தெரியும். ஆகவே காய்ச்சலுக்குத் தடிமனோ இருமலோ காரணமாகத் தெரியாத குழந்தைக்கு வைத்தியர் சலம் பார்க்கச் சொன்னால் அதை வீண் அலைச்சலாக எண்ண வேண்டாம். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்குப் பின்னால், சலப்பையிலிருந்து சலம் மேல்நோக்கித் திரும்பும் பிறவிக் குறைபாடு இருக்கலாம்; அதைத் தவறவிட்டால் வளரும் சிறுநீரகத்தில் தழும்பு விழும். சற்று வளர்ந்த பிள்ளைகளில் மலச்சிக்கலும் ஒரு காரணம். இறுகிய மலம் சலப்பையை அழுத்தி அதை முழுதாக வெறுமையாக விடாது.

முதியவர்களிலோ நிலைமை மறுபக்கமாகத் திரும்புகிறது. அவர்களுடைய சலத்தில் கிருமி இருப்பது மிகச் சாதாரணம். கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுத்தால் நன்மையைவிடத் தீமையே கூடும். படுக்கையிலிருக்கும் தாத்தாவுக்குப் போட்ட சலக்குழாயின் பையில் சலம் கலங்கித் தெரிவதும் அப்படித்தான். ஒரு மாதத்துக்கு மேல் குழாய் போட்டிருக்கும் ஏறக்குறைய எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சலோ நடுக்கமோ திடீர்த் தடுமாற்றமோ வந்தால் உடனே காட்டவேண்டும். மற்றபடி பையைச் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல் தொங்கவிடுவதும், பையை வெறுமையாக்கும் முன்னும் பின்னும் கை கழுவுவதுமே வீட்டார் செய்யவேண்டியவை.

போத்தலுக்குத் திரும்புவோம்

மருந்து தொடங்குமுன் சலத்தைக் கொடுக்கவேண்டும். ஒரு வேளைக் குளிசை உள்ளே போனாலே கிருமி வளர்ப்பில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். அந்த அம்மா இரண்டு நாள் குளிசை போட்டிருந்தார். இது முதற் பிழை.

இரண்டாவது பிழை ஜாம் போத்தல். எவ்வளவு கழுவினாலும் அது கிருமியற்றதாகாது. பழைய இனிப்பின் மிச்சம் சலத்தில் சீனி இருப்பதாகவும் காட்டிவிடும். ஆய்வுகூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டால் மூடியிட்ட கிருமியற்ற சின்னப் போத்தல் தருவார்கள். அதை வீட்டில் திறந்து பார்க்காமல், வேண்டிய நேரத்தில் மட்டும் திறந்து, மூடியை உட்பக்கம் மேலே இருக்கும்படி வைக்கவேண்டும். உறுப்பைச் சாதாரண தண்ணீரால் கழுவித் துடைத்து, பெண்கள் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சலத்தை மலசலகூடத்திலேயே விட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் இடையில் வருவதைப் போத்தலில் ஏந்தி, கடைசியை மறுபடியும் வெளியே விடவேண்டும். முதலில் வருவது தோலிலும் வாசலிலும் இருந்த கிருமிகளைக் கழுவிக்கொண்டு வருவதால் அதை ஏந்தினால் எங்களுக்குக் கிடைப்பது தோலைப் பற்றிய செய்திதான்.

மூன்றாவது பிழை நேரம். ஐந்தரை மணித்தியாலம் பைக்குள் வெக்கையில் கிடந்த சலத்தில், வழியில் விழுந்த நாலைந்து தோற்கிருமிகள்கூடப் பெருகி ஒரு பெருந்தொற்றைப் போலத் தோற்றமளிக்கும். சலம் பிடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறையவிடாமல், ஒரு நாள்வரை வைக்கலாம். தொலைவிலிருந்து வருபவர்கள் வந்த இடத்திலேயே சலம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுகம்.

அன்று அந்த அம்மாவுக்குப் புதிய போத்தல் ஒன்றும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் சலம் எடுத்தோம். குளிசை போட்ட விடயத்தைத் துண்டிலும் எழுதிக்கொண்டேன்.

அறிக்கைகள் இரண்டு வகை. அன்றே கிடைக்கும் பொதுச் சலப் பரிசோதனையில் சீழ்க்கலம், செங்குழியம், தோற்கலம், நைற்றைற்று முதலியவை இருக்கும். நுணுக்குக்காட்டியில் ஒரு புலத்துக்குச் சீழ்க்கலம் ஐந்து, பத்து என்பதற்கு மேலே போனால் அழற்சி இருக்கிறது என்று பொருள். தோற்கலம் நிறைய இருந்தால் மாதிரி சரியாக எடுக்கப்படவில்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன். நைற்றைற்று இருந்தால் ஈ.கோலை போன்ற கிருமிகள் இருப்பதற்கு நல்ல சான்று. ஆனால் எல்லாக் கிருமிகளும் அதை உண்டாக்குவதில்லை, சலம் சில மணித்தியாலம் சலப்பையில் நின்றிருக்கவும் வேண்டும் என்பதால், இல்லை என்று வந்தால் தொற்றே இல்லை என்றாகாது.

மற்றது கிருமி வளர்ப்பு. ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் ஏந்தும் மெல்லிய கம்பி வளையத்தால் சலத்தைத் தொட்டு, நீலப்பச்சை நிறமான ஊட்டத் தட்டு ஒன்றில் கோடிழுத்து, 37 பாகை வெப்பத்தில் வைப்போம். மறுநாள் திறக்கும்போது, ஈ.கோலை இருந்தால் அந்த நீலம் மஞ்சளாகிப் பொட்டுப் பொட்டாகக் குடியிருப்புகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு கிருமியிலிருந்து வளர்ந்த இலட்சக்கணக்கான பிள்ளைகள். நூறு பொட்டுகள் இருந்தால் மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சம் கிருமிகள் என்று கணக்கு. வழக்கமாகத் தொற்றை உறுதிசெய்யும் அளவு அதுதான். கடும் அறிகுறிகள் உள்ள பெண்ணில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாகலாம். பிறகு அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்தில் தோய்த்த சின்ன வட்டத் தாள்களை வைப்போம். மருந்துக்குக் கிருமி பணிந்தால் தாளைச் சுற்றி வெறுமையான வளையம் விழும். பணியாவிட்டால் தாளின் விளிம்புவரை முளைத்து நிற்கும். இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நாள் செல்லும். சில தட்டுகளில் ஒன்றிரண்டு தாள்களைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும். மற்றவையெல்லாம் விளிம்புவரை மூடியிருக்கும். அந்தத் தட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் ஒருவருக்கு, நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பாற்றல் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

குளிசையைப் பற்றி

முதற்தடவையாகச் சாதாரண சலப்பைத் தொற்று வந்த இளம்பெண்ணுக்கு வளர்ப்பின் முடிவு வரும்வரை காத்திராமல் வைத்தியர் மருந்து தொடங்குவார். நைற்றோபியூரன்ரொயின் என்றால் வழக்கமாக ஐந்து நாள். பொஸ்போமைசின் என்றால் ஒரே ஒரு வேளைத் தூள். நைற்றோபியூரன்ரொயின் போடும்போது சலம் கடும் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ போவது மருந்தின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். அந்த மருந்து சலத்தில்தான் செறிவாகச் சேரும், சிறுநீரகத் திசுவில் போதியளவு தங்காது. ஆகவே காய்ச்சலும் முதுகு வலியும் உள்ளவருக்கு அது உதவாது. போன தடவை அக்காவுக்குச் சுகமாக்கிய குளிசை இந்தத் தடவை தங்கைக்குப் பொருந்தும் என்று நினைப்பதிலுள்ள ஆபத்து இதுதான். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும்கூட அதைத் தவிர்ப்பார்கள்.

சிப்றோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் பெயர் நம்மவர்களுக்கு நன்கு பழக்கம். தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சலத்தொற்றுக்கு அந்த வகையைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் அறிவுறுத்தியது. இலங்கையில் நுண்ணுயிர்க்கொல்லிகள் வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. துண்டு இல்லாமலே நாலு குளிசையை வெட்டிக் கொடுப்பதும் வாங்குவதும் நடக்கத்தான் செய்கிறது. வாங்குபவர் கேட்பதால்தான் கொடுப்பவர் கொடுக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு நாள் போட்டுக் கடுப்பு தணிந்ததும் மிச்சத்தை அலுமாரியில் வைப்பவர், எளிதில் சாகும் கிருமிகளைக் கொன்று, சாகாதவற்றுக்கு இடம் ஒழுங்குபண்ணிக் கொடுக்கிறார். வைத்தியர் சொன்ன நாள்கணக்கு முடியும்வரை போடவேண்டும். இரண்டு நாளில் ஒரு குறைவும் தெரியாவிட்டால் திரும்பக் காட்டவேண்டும்.

எரிவைத் தணிக்கச் சலத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பாணிமருந்து ஒன்றைக் கடைகளில் கொடுப்பார்கள். அது கிருமியைக் கொல்லாது. நைற்றோபியூரன்ரொயினோடு சேர்த்துக் குடித்தால் அந்த மருந்தின் வீரியத்தையே குறைத்துவிடும். வலிக்குப் பரசிற்றமோலும் அடிவயிற்றுக்குச் சுடுநீர்ப் பையும் போதும்.

வராமல் பார்த்துக்கொள்ள

தடுப்பு முறைகளில் எதற்குச் சான்று இருக்கிறது, எது வெறும் வழக்கம் என்று பிரித்துச் சொல்வது நல்லது. தண்ணீருக்குச் சான்று உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி சலத்தொற்று வரும் 140 பெண்களை வைத்துச் செய்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வழக்கத்துக்கு மேலாக ஒன்றரை லீற்றர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. ஏறக்குறையப் பாதி. நம்முடைய வெயிலில் சலம் வெளிர்மஞ்சளாகப் போகுமளவுக்குக் குடித்தால் போதும். இருதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இளநீரிலும் கவனமாயிருக்க வேண்டும். அதிலுள்ள பொற்றாசியம் பலவீனமான சிறுநீரகத்துக்குக் கூடாது. நெருஞ்சில் குடிநீரும் பார்லித் தண்ணீரும் தண்ணீர் என்ற அளவில் நல்லவைதான். அவற்றை நம்பிக் காய்ச்சலோடு வீட்டில் கிடப்பதுதான் பிழை.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும், கிரான்பெரி என்னும் பழத்திலிருந்து செய்த குளிசைக்கும் சான்று இல்லாமலில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்றேன் அமைப்பு 2023 இல் வெளியிட்ட மீளாய்வு, அடிக்கடி தொற்று வரும் பெண்களில் அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கைக் குறைப்பதாகச் சொல்கிறது. வந்த தொற்றை அது குணப்படுத்தாது. காசு கொடுத்து வாங்கும் அளவுக்குத் தண்ணீரைவிடப் பெரிதா என்றால், இல்லை என்பேன்.

மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல், உறவுக்குப் பின் சலம் கழித்தல், பருத்தி உள்ளாடை ஆகியவற்றுக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. செலவும் தீங்கும் இல்லாததால் நான் அவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கிருமிகொல்லித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து உறுப்பைக் கழுவும் பழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்வேன்; அது காவலுக்கு நின்ற நல்ல பக்ரீரியாக்களைத்தான் முதலில் கொல்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு வைத்தியர் எழுதும் ஈஸ்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். வெட்கத்தால் அதைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம். ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ ஓராண்டில் மூன்று தடவையோ தொற்று வந்தால், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்காமல், கல், தேக்கம், சீனி என்று காரணத்தைத் தேடும் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

அந்த அம்மாவின் இரண்டாவது மாதிரியில், குளிசையை மீறி ஈ.கோலை முளைத்தது. அவர் போட்ட மருந்தின் தாளைச் சுற்றி வளையமே விழவில்லை. வேறு மூன்று தாள்களைச் சுற்றி விழுந்திருந்தது. அறிக்கையை வாங்க அவருடைய மகள் வந்தார். வைத்தியரிடம் காட்டிய பின் அதை எறிந்துவிடாமல் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைக்கும்படி சொன்னேன். அடுத்த தடவை கடுப்பு வந்தால், எந்த மருந்துக்குக் கிருமி பணிந்தது, எதற்குப் பணியவில்லை என்று வைத்தியர் முதலில் பார்க்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.